மழையும் பனியும் தாங்கும் அட்டை அலங்காரங்கள்

விழாக்காலங்களில் பொதுவிடங்களை அணிசெய்வதற்குக் காகிதமும் அட்டையும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. குறைந்த விலை, குறைந்த எடை, வெட்டவும் மடிக்கவும் வண்ணந்தீட்டவும் உள்ள எளிமை ஆகியன இவற்றின் நற்பண்புகள். ஆயினும் திறந்த வெளியில் வைக்கப்பட்ட அட்டை ஒரே மழையில் உருக்குலைந்துவிடுகிறது. பள்ளி மாணவர் பல நாள் முயன்று செய்த தோரணமும், கைவினைஞர் பல வாரம் உழைத்துச் செய்த உருவமும் சில நிமிடங்களில் பயனற்றுப் போகின்றன. இவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்க்க இயலும். அதற்கு விலையுயர்ந்த பொருள்கள் வேண்டுவதில்லை. நீர் அட்டையை எவ்வழியாக, எந்த வரிசையில் கெடுக்கிறது என்பதை அறிந்து செயற்படுதலே வேண்டும்.

திதார்பூர் தரும் பாடம்

மேற்குத் தில்லியில் தாகூர் கார்டனுக்கு அருகில் திதார்பூர் என்னும் பழைய கிராமம் உள்ளது. விரிந்து வளர்ந்த நகரம் இதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டுவிட்டது. எனினும் ஆண்டுதோறும் விஜயதசமிக்கு முந்தைய வாரங்களில் இதன் சாலையோரங்கள் பெரியதொரு தொழிற்கூடமாக மாறுகின்றன. இராவணன், கும்பகர்ணன், மேகநாதன் ஆகியோரின் உருவங்கள் இங்கு நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டு, தில்லியின் இராமலீலைத் திடல்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் அனுப்பப்படுகின்றன. பிளந்த மூங்கிலைக் கம்பியாலும் கயிற்றாலும் பிணைத்துக் கூடு அமைத்து, அதன்மீது பழைய சேலைத்துணியைச் சுற்றி, மாவுப்பசை தடவித் தாளை ஒட்டி, வெயிலில் உலர்த்தி, இறுதியில் வண்ணத்தாளாலும் வண்ணத்தாலும் முகமும் அணிகலன்களும் அமைப்பது இங்குள்ள முறையாகும். வேலை முழுவதும் வெட்டவெளியிலேயே நடைபெறுகிறது.

2025-ஆம் ஆண்டில் விஜயதசமி அக்டோபர் 2-ஆம் நாள் வந்தது. தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் 24-ஆம் நாளே தில்லியை விட்டு விலகிவிட்டதென இந்திய வானிலை ஆய்வுத்துறை அறிவித்திருந்தது. எனினும் விழா நாளன்று தில்லியில் மழை பெய்தது. பல இடங்களில் உருவங்கள் எரியூட்டப்படுவதற்கு முன்பே நனைந்து சிதைந்தன. பருவமழை விலகிற்று என்பதனால் மழையே பெய்யாது என்று கொள்ளலாகாது என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

இவ்வாறு நனையும் உருவங்களில் கேடு ஓர் ஒழுங்கான வரிசையில் நிகழ்கிறது. முதலில் வண்ணம் கரைகிறது. அடுத்துப் பசை நெகிழ்கிறது. பின்னர்த் தாள் தொய்ந்து கிழிகிறது. மூங்கிற்கூடும் அதன் கட்டுகளுமோ அசையாமல் நிற்கின்றன. அட்டை அலங்காரம் செய்வோர் அனைவரும் மனத்திற் கொள்ளவேண்டிய முதல் விதி இதிலிருந்து பெறப்படுகிறது: உருவத்தைத் தாங்கும் பொறுப்பை நீரால் வலிமை குன்றாத பொருளிடம் ஒப்படைத்து, அட்டையை மேற்றோலாக மட்டும் கொள்ள வேண்டும்.

இவ்வறிவு இந்நாளில் முன்னினும் தேவையாகியுள்ளது. 2021-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதிகளின்படி, அலங்காரத்துக்கான தெர்மோகோல், பிளாஸ்டிக் கொடிகள், 100 மைக்ரானுக்குக் குறைந்த தடிப்புள்ள பி.வி.சி. பதாகைகள் முதலியன 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. தெர்மோகோல் நீருக்கு அஞ்சாதது. அதன் இடத்தை ஏற்கும் அட்டையோ நீருக்கு எளிதில் இரையாவது. எனவே மாற்றுப் பொருளை ஏற்கும்போது அதனைக் காக்கும் முறையையும் உடன் கற்றல் இன்றியமையாததாகிறது.

காகிதத்துள் நீர் புகும் வழி

காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் படிந்த மென்படலம். கூழிலுள்ள நீர் வடிந்து உலரும்போது, அண்டையிலுள்ள இழைகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொள்கின்றன. காகிதத்தின் வலிமை பெரும்பாலும் இப்பிணைப்புகளால் வருவதே. நீரின் மூலக்கூறுகளுக்கும் செல்லுலோஸுடன் இதே முறையில் பிணையும் நாட்டம் உண்டு. ஆதலால் நீர் புகுந்தவுடன் இழைக்கும் இழைக்கும் இடையிலிருந்த பிணைப்பு அற்று, இழைக்கும் நீருக்கும் இடையே பிணைப்பு உண்டாகிறது. சாதாரணக் காகிதம் முற்றும் நனைந்தபின் அதன் உலர்நிலை வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சுவதில்லை.

நீர் துளியாக விழவேண்டும் என்பதுமில்லை. காற்றிலுள்ள ஈரமே போதும். ஒப்பு ஈரப்பதன் 50 சதவீதமாக உள்ளபோது காகிதம் தன் எடையில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் நீரைக் கொண்டிருக்கும். ஈரப்பதன் 90 சதவீதத்தை எட்டும்போது அந்நீர் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அந்நிலையில் நெளி அட்டைப் பெட்டியின் தாங்கும் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. மழையே பெய்யாத ஈரமான இரவிலும் அட்டை உருவங்கள் தலை சாய்வதற்குக் காரணம் இதுவே.

காகிதத்தின் முகப்பைவிட அதன் வெட்டுவிளிம்பே நீரை விரைந்து ஈர்க்கிறது. ஆலைகளில் காகிதம் செய்யும்போது நீர் எளிதில் ஊறாதபடி பைன் பிசினும் படிகாரமும் சேர்க்கும் முறையை ஜெர்மானியரான மோரிட்ஸ் இல்லிக் 1807-இல் வெளியிட்டார். இன்று இதற்கு வேறு இரசாயனப் பொருள்களும் பயன்படுகின்றன. இவை நீர் ஊறும் வேகத்தைக் குறைக்கின்றனவேயன்றி அறவே தடுப்பதில்லை. அட்டையைக் கத்தரித்த இடத்திலோ இழைகளின் அறுபட்ட முனைகளும் அவற்றினிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளும் நேரே வெளிப்படுகின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் இந்நுண்புழைகளின் வழியே நீர் உள்ளே ஏறுகிறது.

நெளி அட்டையில் இக்குறை மேலும் மிகுதி. இரண்டு தட்டையான தாள்களுக்கிடையே அலையலையாக நெளிந்த ஒரு தாளை வைத்து மாப்பொருட் பசையால் ஒட்டுவதே நெளி அட்டையாகும். அதன் மேல்விளிம்பு திறந்திருப்பின் மழைநீர் நெளிவறைகளில் நேரே இறங்கி உள்ளிருந்தே பசையைக் கரைக்கிறது. வெளிமுகத்தில் எத்துணைச் சிறந்த பூச்சு இருப்பினும் அப்போது பயனில்லை.

பசையின் நிலை

மைதா மாவுப்பசை மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் உலர்ந்த பின்னும் அது நீரை ஏற்று மீண்டும் இளகும். தச்சர் பயன்படுத்தும் சாதாரண வெண்பசையும் உலர்ந்தபின் உறுதியாகத் தோன்றினும், நீரில் நெடுநேரம் ஊறினால் வெண்மையாகி மென்மையடையும். நீர் தாங்குமெனக் குறிப்பிட்டு விற்கப்படும் பசை வகைகள் இதனினும் மேலானவை.

பசையை மட்டும் நம்பி இணைப்புகளை அமைத்தல் நன்றன்று. பொருத்தும் இடங்களைத் தைத்தோ, கம்பியாற் கட்டியோ, பித்தளை ஆணி கொண்டு பிணைத்தோ முதலில் இறுக்கி, அதன்பின் பசையிட வேண்டும். பசை நெகிழ்ந்தாலும் இணைப்பு நிற்கும். மாவுப்பசையைப் பூஞ்சணமும் பூச்சியும் தாக்காதிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் புத்தகம் கட்டுவோரிடம் உண்டு. மயில்துத்தம் நச்சுப்பொருளாதலால், சிறுவர் கையாளும் பசையில் அதனைச் சேர்க்கலாகாது. அன்றன்று புதிதாகக் காய்ச்சிய பசையே அவர்களுக்கு ஏற்றது.

பூச்சுப் பொருள்கள்

எளிதிற் கிடைக்கும் பூச்சுகளின் இயல்புகளைக் கீழே காணலாம்.

மெழுகு: பாரபின் மெழுகு நீரை நன்கு விலக்கும். விளிம்புகளை மூடுவதற்கு இது மிகவும் ஏற்றது. இது 50 முதல் 60 டிகிரி வரையுள்ள வெப்பநிலையில் உருகுவதால், கோடை வெயிலில் இளகக்கூடும். மெழுகைத் தீயின்மேல் நேரே வைத்து உருக்குதல் அபாயமானது. கொதிநீர்ப் பாத்திரத்துள் மற்றொரு பாத்திரத்தை வைத்து, பெரியவர் ஒருவரே உருக்க வேண்டும். மெழுகு பூசிய இடத்தில் பசையும் நீர்வண்ணமும் பற்றா. எனவே வண்ணம் தீட்டிய பின்னரே மெழுகிட வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய்: காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று இறுகிப் படலமாகும் எண்ணெய் இது. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் இவ்வாறு இறுகா. அவற்றைப் பூசினால் அட்டை பிசுபிசுத்துப் புழுதியை ஏற்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், இறுகும்போது வெளிப்படும் வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகித் தானாகவே தீப்பற்றக்கூடும். அத்துணிகளை விரித்து உலர்த்தவோ நீரில் அமிழ்த்தி வைக்கவோ வேண்டும்.

அவலரக்கு: அரக்குப் பூச்சியினின்று கிடைக்கும் இப்பிசின் நம் நாட்டின் சிறந்த விளைபொருள்களுள் ஒன்று. இதன் ஆராய்ச்சிக்கென்றே 1924-இல் ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்கும்மில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. சாராயத்திற் கரைத்துப் பூசினால் சில நிமிடங்களில் உலரும்; பளபளப்பும் தரும். தூறலையும் பனியையும் தாங்கும். நீர் நெடுநேரம் தேங்கினால் வெளுத்துவிடும். சாராயக் கரைசல் எளிதில் தீப்பற்றுவதாதலால் விளக்கும் அடுப்பும் அருகில் இருத்தலாகாது.

எண்ணெய் வண்ணமும் வார்னிஷும்: திறந்த வெளிக்கு இவையே மிகவும் உறுதியானவை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பழைய இருப்பிலுள்ள வண்ணங்களைப் பள்ளிகளில் பயன்படுத்தாதிருத்தல் நலம்.

அக்ரிலிக் குழம்பு வண்ணம்: நீரிற் கலக்கிப் பூசத்தக்கது, உலர்ந்தபின் நீரிற் கரையாது, மணமும் தீ அபாயமும் குறைவு. மாணவர் கையாள இதுவே ஏற்றது. ஆனால் கடுங்குளிரில் இது சீரான படலமாகப் படியாது. ஜனவரி மாதத்தில் தில்லியின் இரவு வெப்பநிலை 8 டிகிரிக்கு அண்மையில் இறங்குவதால், அங்கு நண்பகலில் மட்டுமே இதனைப் பூச வேண்டும். பள்ளிகளில் வழங்கும் சாதாரணச் சுவரொட்டி வண்ணமோ உலர்ந்தபின்னும் நீரிற் கரையும். அதன்மேல் மற்றொரு பூச்சு இன்றியமையாதது.

செய்முறை

1. அட்டையை வேண்டிய வடிவில் வெட்டிய பின், நண்பகல் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் நன்கு உலர்த்துக. ஈரமான அட்டையின்மேல் பூச்சிட்டால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சு கொப்புளிக்கும்.

2. கயிறு கோப்பதற்கான துளைகளையெல்லாம் பூச்சிடுவதற்கு முன்பே இடுக. பின்னர் இடும் ஒவ்வொரு துளையும் பாதுகாப்பற்ற புதியதொரு விளிம்பாகும். துளையின் உட்புறத்திலும் பூச்சுப் படிதல் வேண்டும்.

3. விளிம்புகளை முதலில் மூடுக. மெல்லிய துணிப்பட்டையையோ தாட்பட்டையையோ விளிம்பின் இருபுறமும் படியுமாறு மடித்து ஒட்டி, அதன்மேல் இரண்டு முறை பூசுக. விளிம்பிற்கு மெழுகே இடுவதாயின், வண்ணப் பூச்சுகள் யாவும் முடிந்த பின் இறுதியில் இடுக.

4. முன்புறம் பின்புறம் ஆகிய இரண்டிலும் பூசுக. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரத்தை ஏற்றுப் பருத்து, அட்டை வளைந்துவிடும்.

5. கனமான ஒரே பூச்சைவிட மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள் நன்று. ஒன்று முற்றும் உலர்ந்தபின் அடுத்ததை இடுக.

6. நெளி அட்டையை நெளிவறைகள் செங்குத்தாக அமையும்படி நிறுத்துக. மேல்விளிம்பை முற்றும் மூடி, கீழ்விளிம்பில் அங்கங்கே சிறு வழி விடுக. தவறி உட்புகும் நீர் வடிவதற்கு அது உதவும். கீழ்விளிம்பின் இழைமுனைகளுக்கும் பூச்சு வேண்டும்.

7. அட்டையைத் தரையில் நேரே ஊன்றாமல், மூங்கிற் சட்டத்திலோ மரச்சட்டத்திலோ பிணைத்து, தரையினின்று ஒரு சாண் உயரத்திலேனும் நிறுத்துக. தரையிற் பட்டுத் தெறிக்கும் நீரே கீழ்விளிம்பைப் பெரிதும் கெடுக்கிறது. நீர் தேங்கும் கிடைப்பரப்புகளைத் தவிர்த்து, எல்லாப் பரப்புகளையும் சற்றே சாய்வாக அமைக்க.

பருவத்திற்கேற்ற பாதுகாப்பு

எல்லா விழாவிற்கும் ஒரே அளவு பாதுகாப்பு தேவையில்லை. தில்லியில் ஆகஸ்டு மாதத்தின் சராசரி மழை ஏறத்தாழ 230 மில்லிமீட்டர். சுதந்திர தின அலங்காரங்கள் கனமழையை எதிர்பார்த்தே செய்யப்பட வேண்டும்; அவற்றிற்கு எண்ணெய் வண்ணமோ வார்னிஷோ ஏற்றது. அக்டோபரின் சராசரி மழை 15 மில்லிமீட்டர் அளவே. ஆயினும் அது ஒரே நாளில் பெய்துவிடக்கூடும் என்பதை 2025-ஆம் ஆண்டு நினைவூட்டுகிறது.

குடியரசு தினத்தின் பகை வேறுவகையானது. ஜனவரி இரவுகளில் தரையும் பொருள்களும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து குளிர்வதால், காற்றிலுள்ள நீராவி அவற்றின்மீது பனித்துளியாகப் படிகிறது. வானத்தை நோக்கிய பரப்புகளே மிகுதியாக நனையும். மேலே ஒரு பந்தலோ துணி விதானமோ இருப்பின் இவ்வெப்ப இழப்புத் தடைப்பட்டுப் பனி பெரிதும் குறையும். மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்களால் அம்மாதத்தில் மழையும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் குடியரசு தின அணிவகுப்பு தூறலினிடையே நடைபெற்றது.

தமிழ்நாட்டில் நிலைமை இதனினும் கடுமையானது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களிலேயே தீபாவளியும் கார்த்திகையும் கிறிஸ்துமஸும் வருகின்றன. வாயிலில் தொங்கவிடும் காகித நட்சத்திரத்தின் மூலைகளும் மடிப்புகளும் முதலில் நைவதை யாவரும் கண்டிருப்பர். அம்மூலைகளுக்குத் துணிப்பட்டையும் மெழுகும் இடுதல் நட்சத்திரத்தின் ஆயுளை நீட்டிக்கும். உள்ளே எரிவது சூடாகாத எல்.இ.டி. விளக்காக மட்டுமே இருத்தல் வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

காகித ஆலைகளில் நீரேற்பை அளப்பதற்குக் காப் சோதனை என்னும் முறை வழங்குகிறது. குறித்த நேரத்தில் ஒரு சதுரமீட்டர் பரப்பு எத்தனை கிராம் நீரை ஏற்கிறது என்பதே அதன் அளவு. அக்கருத்தை ஒட்டி ஆசிரியர்கள் பின்வரும் எளிய சோதனையைச் செய்து காட்டலாம்.

ஒரே பெட்டியிலிருந்து 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள மூன்று சதுரங்களை வெட்டுக. முதலாவதைப் பூச்சின்றி விடுக. இரண்டாவதன் இரு முகங்களிலும் மட்டும் அக்ரிலிக் வண்ணம் பூசி, விளிம்புகளைத் திறந்தே விடுக. மூன்றாவதில் முகங்களோடு நான்கு விளிம்புகளையும் மூடுக. யாவும் நன்கு உலர்ந்தபின் ஒவ்வொன்றையும் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. ஒரு தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்கு வண்ணநீர் ஊற்றி, மூன்றையும் அதில் பத்து நிமிடம் நிறுத்துக. பின் எடுத்து, மேலுள்ள நீரை உறிஞ்சுதாளால் ஒற்றி, மீண்டும் நிறுக்க. எடை கூடிய அளவே அட்டை ஏற்ற நீராகும்.

முகம் மட்டும் பூசிய அட்டையிலும் வண்ணநீர் கீழ்விளிம்பின் வழியே மேலேறியிருப்பதை அதனைக் கிழித்துப் பார்த்து அறியலாம். மூன்றாவதன் எடையோடு இரண்டாவதன் எடையை ஒப்பிட்டால் விளிம்பை மூடுவதன் பயனை மாணவர் தாமே கணக்கிட்டு உணர்வர். நுண்புழை ஏற்றம், பரப்பளவு, சதவீதம் ஆகிய பாடங்களுக்கும் இச்சோதனை துணையாகும்.

எரியூட்டப்படும் உருவங்கள்

தசரா உருவங்களுக்கு மேற்கூறிய பூச்சுகளை அப்படியே கொள்ளுதல் தகாது. அவை இறுதியில் மக்கள் திரளின் நடுவே எரிக்கப்படுபவை. மெழுகு தோய்ந்த தாள் மெழுகுவத்தியைப் போலவே கொழுந்துவிட்டு எரிந்து, உருகிய துளிகளைச் சிந்தும். பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் வாயு வெளிப்படும். எண்ணெய் வண்ணம் கரும்புகை தரும். ஆதலால் இவ்வுருவங்களைப் பூச்சால் காப்பதைவிடக் கூரையால் காப்பதே முறை. செய்து முடித்த தலைகளையும் கைகளையும் தார்ப்பாயின்கீழ்த் தனித்தனியே வைத்து, விழா நாளன்று மட்டும் பொருத்துதல் வேண்டும். தார்ப்பாய் உருவத்தின்மேல் நேரே படியாமல் ஒரு சாண் இடைவெளியில் சாய்வாக அமைய வேண்டும். இன்றேல் உள்ளே அடைபட்ட ஈரம் மாவுப்பசையை நெகிழ்த்தும், பூஞ்சணமும் பற்றும்.

திதார்பூரில் சாலையோரத்தில் தங்கி உழைப்போருக்கு இது வெறும் அலங்காரப் பிரச்சினையன்று. அவ்வாண்டின் பருவ வருமானம் சில வாரங்களில் செய்யும் உருவங்களையே சார்ந்துள்ளது. விஜயதசமிக்குப் பின் அவற்றை வாங்குவார் இல்லை. வானிலை ஆய்வுத்துறை நாள்தோறும் வெளியிடும் முன்னறிவிப்பை இத்தகையோருக்கு எட்டச்செய்வதும், உயர்ந்த சட்டங்களில் தார்ப்பாய் கட்டும் முறையைச் செய்து காட்டுவதும் களப்பணியாளர் ஆற்றத்தக்க பயனுள்ள சேவைகளாம்.

விழா முடிந்த பின்

பூச்சில்லாத அட்டையைப் பழைய காகிதத்தோடு சேர்த்து மீண்டும் கூழாக்கலாம். மெழுகும் எண்ணெய் வண்ணமும் பூசிய அட்டை அதற்கு ஏற்றதன்று. எனவே வெளியில் நிற்பவற்றிற்கு மட்டும் பூச்சிட்டு, உள்ளரங்க அலங்காரங்களை வெறும் அட்டையாகவே விடுதல் சிக்கனமாகும். பூச்சிட்டவற்றை உலர்த்தி, தட்டையாக அடுக்கி, ஈரமற்ற இடத்தில் வைத்து அடுத்த ஆண்டும் பயன்படுத்துக. காகிதத்தால் ஆன தேசியக் கொடிகளைப் பொறுத்தவரை தனி விதி உண்டு. விழாவிற்குப் பின் அவற்றைத் தரையில் எறியலாகாது. கொடியின் மதிப்பிற்கேற்பத் தனிமையில் அகற்ற வேண்டுமென இந்தியக் கொடி விதித்தொகுப்புக் கூறுகிறது. மழையில் நனைந்து உதிர்ந்த கொடிகளையும் அன்றே சேகரித்தல் பள்ளியின் கடமையாகும்.

சுருங்கக் கூறின், அலங்காரத்தைத் தாங்கும் வலிமையை மூங்கிலும் கட்டும் தரவேண்டும். விளிம்பும் துளையும் முதலில் மூடப்பட வேண்டும். புகுந்த ஈரம் வெளியேற வழி இருக்க வேண்டும். இம்மூன்றையும் கடைப்பிடித்தால், விலை மலிந்த பெட்டி அட்டையும் விழா முடியுமளவும் தன் வடிவத்தோடு நிற்கும்.